நாற்பதுக்கு நாலு வாங்கிய மண்டோர்

1

இந்தக் கதை ஒரு ஃபாரத்திலிருந்து பிறந்தது. கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. மம்பாவில் மறதி நோய் உள்ள முதியவர்களுக்காக ஒரு பகல் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. காலையில் வேன் வந்து அழைத்துப் போகும். மாலையில் கொண்டுவந்து விடும். பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். யாருக்கு உதவி அதிகம் தேவை என்று கண்டுபிடிக்க இருபது கேள்விகள் கொண்ட ஃபாரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். மலாயில் இருந்த அதைத் தமிழாக்கித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். செய்தித்தாளில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்கு இருபது கேள்விகள் என்ன பெரிய காரியம் என்று ஒப்புக்கொண்டேன்.

கேள்விக்கு இரண்டு மதிப்பெண், மொத்தம் நாற்பது. தானே செய்துகொள்வார் என்றால் சுழியம். கொஞ்சம் உதவி வேண்டும் என்றால் ஒன்று. முழு உதவியும் வேண்டும் என்றால் இரண்டு. ஆக, மதிப்பெண் கூடக் கூட ஆளுக்கு முடியவில்லை என்று பொருள். அதிகம் வாங்குபவருக்கே இடம்.

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள் ஃபாரத்தில் இல்லை. மலாயில் இல்லை, அதனால் நானும் தமிழில் சேர்க்கவில்லை. மூலத்துக்கு விசுவாசமாக இருந்தேன். அதன் பலனைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

(கதையின் முடிச்சை முதல் பக்கத்திலேயே அவிழ்த்துவிட்டேன் என்று தோன்றுகிறது. போகட்டும். வாசகருக்குத் தெரிந்து கதாபாத்திரங்களுக்குத் தெரியாமல் இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது: நீங்கள் சிரிக்கலாம். நான் அப்போது சிரிக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.)

2

தொடக்கம் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "செம்பனை மரங்களின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அர்ச்சுனன் சன்னலோரம் அமர்ந்து, தொலைந்துபோன தன் காலத்தை—"

அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில். அர்ச்சுனன் உட்கார்ந்திருந்தது தொலைக்காட்சிக்கு முன்னால். கோழி வளர்ப்பைப் பற்றிய மலாய் நிகழ்ச்சி ஒன்றை ஒலியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைந்த காலத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. கோழியெல்லாம் நல்ல சதைப்பிடிப்பாக இருக்கிறது என்றார்.

இரண்டு: "நம் நாட்டில் மறதி நோயால் பாதிக்கப்பட்ட முதியோரின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு—"

இது கட்டுரை. பழைய தொழிலின் கோளாறு.

மூன்று: "லெட்சுமி கதவுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தாள்."

இது உண்மை. இதை வைத்துக்கொள்கிறேன்.

புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் ஒரு தோட்டம். லயம் எனப்படும் பழைய வரிசை வீடுகளில் இன்னும் ஆறு தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. மற்ற வீடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கோடி வீட்டில் அர்ச்சுனனும் அவர் மகள் லெட்சுமியும். அர்ச்சுனனுக்கு எழுபத்தாறு வயது. தோட்டம் கித்தாவாக, அதாவது ரப்பராக, இருந்த காலத்தில் வெட்டு மண்டோர், கங்காணி. அறுபது பால்வெட்டுக்காரர்களை மேய்த்தவர். லெட்சுமிக்கு நாற்பத்தெட்டு. செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகச் சரக்குகளைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருக்கிறாள். அப்பாவுக்கு மறதி முற்றியதிலிருந்து சம்பள விடுமுறை, மருத்துவ விடுமுறை, சம்பளமில்லாத விடுமுறை எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து முடித்துவிட்டாள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு வேலைக்கு வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது. மம்பாவில் ஓர் இடம் காலி. அது கிடைத்தால் அவளுக்கு வேலை. கிடைக்காவிட்டால் இல்லை.

லெட்சுமி ஏன் திருமணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"இது உங்க கதைக்கி வேணுமா சார்?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். வேண்டாம்.

3

ஒரு கதாபாத்திரத்தைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். பக்கத்து வீட்டு முத்தாயி. வயது அறுபத்திரண்டு, குரல் லயத்தின் இரு கோடிக்கும் கேட்கும், பேச்சில் 'லா' என்ற இந்த ஊர் அசை ஒட்டிக்கொண்டு வரும். இவளைக் குறைத்து எழுதியிருக்கிறேன். உள்ளபடி எழுதினால் நகைச்சுவைக்காக நுழைத்தது என்பீர்கள்.*

ஃபாரத்தின் தமிழ் சாதாரண ஆட்களுக்குப் புரிகிறதா என்று சோதிக்க விரும்பினேன். பழைய செய்தி ஒன்றுக்காக அர்ச்சுனனைப் பேட்டி கண்ட நாளிலிருந்து அந்த வீட்டோடு பழக்கம். ஆகவே லெட்சுமியிடம் கேள்விகள் மட்டும் உள்ள ஒரு பிரதியைக் கொடுத்தேன். அவள் அதே நிலையத்துக்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தது எனக்குத் தெரியாது. அவள் பிரதியை முத்தாயியிடம் கொடுத்தாள். முத்தாயியின் மகனுக்கு ஒரு காலத்தில் தங்கிப் படிக்கும் பள்ளிக்கான நேர்முகத் தேர்வுக் கேள்விகள் முன்பே கிடைத்து, அவன் அதில் தேறி, இப்போது ஜோகூரில் பொறியாளர். ஆகவே இந்த விஷயத்தில் அவளுக்கு அனுபவம் உண்டு.

"சீட்டு ஒண்ணு. கேக்கறவங்க நாலு பேரு. அப்ப யாருக்கு லா குடுப்பாங்க? நல்லா பதில் சொல்றவங்களுக்குத்தான்," என்றாளாம் முத்தாயி. "மண்டோர எங்கிட்ட விடு. மூணு நாளு போதும்."

இதில் தர்க்கப் பிழை எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள் பார்ப்போம். பள்ளியில் இடம் கேட்டாலும் வேலையில் இடம் கேட்டாலும், ஏன், கோயில் கமிட்டியில் இடம் கேட்டாலும், கெட்டிக்காரனுக்குத்தான் முதல் இடம் என்றே இந்த மக்கள் பார்த்து வந்திருக்கிறார்கள். முடியாதவருக்கே முதல் இடம் என்று சொல்லும் ஒரு ஃபாரம் அந்த லயத்துக்குள் அதுவரை வந்ததில்லை.

* முத்தாயி சொன்ன மூன்று விஷயங்களை நீக்கிவிட்டேன். ஒன்று நிலையத்தின் வேன் ஓட்டுநரைப் பற்றியது. மற்ற இரண்டும் என்னைப் பற்றியவை.

4

ஒரு வியாழக்கிழமை காலை கிளாரிஸ் வந்தாள். மம்பாவில் பிறந்து வளர்ந்தவள், இருபத்தெட்டு வயது, நிலையத்தின் மதிப்பீட்டாளர். மருத்துவமனைத் தாதிகளை மிஸி என்று அழைப்பது இங்கே வழக்கம். கோப்போடு வந்ததால் இவளும் மிஸி. தமிழ் ஃபாரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நானும் கூடப் போயிருந்தேன்.

கதவில் சாயம் இன்னும் காயவில்லை. முன்னால் ஓடும் கால்வாயின் இரு ஓரத்திலும் சுண்ணாம்பு. ஆறு குடும்பத்திலும் வீட்டிலிருந்தவர்கள் அவரவர் வாசலில் நின்றிருந்தார்கள்.

விளக்கம் தேவைப்படலாம். முன்பெல்லாம் துரை லயத்தைப் பார்வையிட வரும் நாளில் இப்படித்தான் நிற்பார்கள். முதல் நாளே கால்வாய்க்குச் சுண்ணாம்பு விழும். காய்ச்சல்காரர்களைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். துரை கேட்பார், மண்டோர் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்வார். துரை போய்விடுவார். முப்பத்தோரு வருடம் அதைச் சொன்ன மண்டோர் அர்ச்சுனன்.

அவர் இன்று வெள்ளைச் சட்டையில், தலைக்கு மை பூசி, முகம் மழித்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கிளாரிஸின் கையிலிருந்த கோப்பைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க மிஸி. உக்காருங்க. பசியாறிட்டீங்களா?"

"ஆச்சு தாத்தா. நீங்க?"

"அதெல்லாம் நேரத்துக்கு நடக்கும்."

"இன்னிக்கி என்ன கிழமை தாத்தா?"

சன்னலுக்கு வெளியே முத்தாயியின் கை உயர்ந்தது. நான்கு விரல்: திங்களிலிருந்து எண்ணினால் வியாழன். அர்ச்சுனன் அதைப் பார்க்கவே இல்லை. கிளாரிஸை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கெழம தெரியாமலா மிஸி ஆபீஸ தொறந்து வச்சிருக்கீங்க?" என்றார்.

கிளாரிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சுழியம் போட்டாள்.

அடுத்து லெட்சுமியின் முறை.

"சாப்பாடு எப்படி ஆன்ட்டி?"

"நல்லா சாப்புடுவாரு மிஸி."

(சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் வைத்தால்.)

"குளியல்?"

"தெனம் ரெண்டு வேள."

(சட்டையைக் கழற்றி, தண்ணீரை மொண்டு ஊற்றி, இது மழையில்லை அப்பா என்று இரண்டு முறை சொன்னால்.)

"உடுப்பு?"

"தோ, போட்டிருக்காரே."

(காலை ஆறு மணிக்கு. நாற்பது நிமிடம்.)

அடைப்புக்குறிக்குள் இருப்பவை எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்று அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாப் பதிலிலிருந்தும் தன்னை மட்டும் எடுத்துவிட்டாள். அப்பாவைப் பற்றிக் கேட்கிறார்கள், அப்பாவைப் பற்றிச் சொன்னேன் என்பது அவளுடைய கணக்கு.

நடுவில் சிங்கப்பூரிலிருக்கும் லெட்சுமியின் தம்பி ரவிச்சந்திரன் கைப்பேசியில் முகம் காட்டினான். "அப்பா சூப்பரா இருக்காரு மிஸி. போன வாரம்கூட என்கிட்ட ஜோக் அடிச்சாரு," என்றான். அர்ச்சுனன் திரையைப் பார்த்து, "இந்தத் தம்பி யாரு, நல்லா பேசுது," என்றார். அதையும் எல்லோரும் ஜோக் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்கலாம். மைலோ குடித்துக்கொண்டிருந்தேன். என் தமிழாக்கம் ஒரு கேள்விக்குக்கூடத் திருப்பிக் கேட்கப்படவில்லை என்று உள்ளூர மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

அர்ச்சுனன் வாங்கியது நாற்பதுக்கு நாலு. அந்த நான்கும் இரண்டு கேள்விகளில் வந்தவை: "தன் உணவைத் தானே சமைத்துக்கொள்வாரா?", "தன் துணியைத் தானே துவைத்துக்கொள்வாரா?" இரண்டுக்கும் முழு மதிப்பெண். நாற்பது வயதில் திடகாத்திரமாக இருந்தபோது கேட்டிருந்தாலும் அவருக்கு இதே நான்கு கிடைத்திருக்கும். லயத்தின் எல்லா ஆண்களுக்கும் கிடைத்திருக்கும்.

5

மறுநாள் லெட்சுமி அழைத்தாள்.

"சார், மெசேஜ் வந்திருச்சு. நாலுன்னு போட்டிருக்காங்க. நாலாவது எடமா?"

"இல்லம்மா. மார்க்."

"நாப்பதுக்கு நாலா?" குரல் இறங்கியது. "அவ்வளவு நல்லா பேசினாரே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுழியம், ஒன்று, இரண்டு என்று விளக்கினேன். மறுமுனையில் தொலைக்காட்சியில் யாரோ கைதட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப நல்லா இருக்கறவங்களுக்கு சீட்டு இல்லையா?"

"இல்ல."

"இத ஏன் சார் நீங்க அதுல எழுதல?"

இந்தக் கேள்விக்கு நான்கு பதில் எழுதிப் பார்த்தேன். நான்கிலும் மூலத்துக்கு விசுவாசம் என்ற சொல் வந்தது. நான்கையும் கிழித்துவிட்டேன்.

கைப்பேசி கைமாறியது. "சார், முத்தாயி. மண்டோரு ஃபெயிலாவணும்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா. அதுக்கு மூணு நாளுகூட வேணாம்."

கிளாரிஸிடம் பேசினேன். ஃபாரத்தை வெளியே கொடுத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஒரே ஒரு முறை மறு மதிப்பீடு கேட்கலாம் என்றாள். ஆனால் ரெம்பாவில் ஒருவர் காத்திருக்கிறார். டொனால்ட் என்பவரின் மனைவி. அந்த அம்மாவுக்கு இருபத்தேழு மதிப்பெண். சமமாக வந்தால் முதலில் விண்ணப்பித்த அவர்களுக்கே இடம். லெட்சுமியின் அப்பாவுக்கு இருபத்தெட்டு வேண்டும்.

"நாலுல இருந்து இருபத்தெட்டு," என்றாள் கிளாரிஸ். "ஆபீஸ்ல என்னைய என்ன நெனப்பாங்க சார்?"

6

மறு மதிப்பீடு இருபத்தாறாம் தேதி. ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள்.

இந்த முறை கால்வாய்க்குச் சுண்ணாம்பு இல்லை. முத்தாயி அதன்மேல் மண்ணை அள்ளிப் போட்டிருந்தாள். அர்ச்சுனனுக்குக் கிழிந்த பனியன் மாட்டச் சொன்னாளாம், லெட்சுமி மறுத்துவிட்டாள். அவர் அதே வெள்ளைச் சட்டையில் இருந்தார். தலையில் மை பாதி போயிருந்தது.

கிளாரிஸ் உட்காரும் முன்பே முத்தாயி தொடங்கினாள்.

"மிஸி, நேத்து மண்டோரு என்னைய கடிச்சிட்டாரு! தோ பாருங்க, கை!"

கிளாரிஸ் பார்த்தாள். "ஆன்ட்டி, இது கொசுக்கடி."

"கொசு பல்லு பதியுமா?"

"பல்லே பதியலயே."

"அவருக்கு பல்லு செட்டு லா. கழட்டி வச்சிட்டு கடிச்சாரு."

அர்ச்சுனன் கிளாரிஸின் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் சொன்னார். "இந்த அம்மாவ கொஞ்சம் பாத்துக்கங்க மிஸி. நெலம சரியில்ல போல."

கிளாரிஸ் பேனாவை மூடினாள். "அன்னிக்கி எல்லாம் நல்லா இருக்குன்னீங்க. இன்னிக்கி கடிக்கறாருங்கறீங்க. நான் எத நம்பி எழுதறது? லெட்சுமி ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. உள்ளது உள்ளபடி."

லெட்சுமி அப்பாவைப் பார்த்தாள். அவர் ஓர் அடி தூரத்தில், கைகளை முட்டியில் வைத்து, கேட்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"அப்பா முன்னாடி வேணாம் மிஸி."

"சரி, பின்னால போய் பேசலாம்."

"அது கோள் சொல்ற மாதிரி இருக்கும்."

"ஆன்ட்டி, நாள் இல்ல. ஒண்ணாந்தேதி வேலைக்கி போவணும்தானே?"

"போவணும்."

"அப்ப சொல்லுங்க."

லெட்சுமி வாயைத் திறந்தாள். பிறகு, "அவரு மண்டோரா இருந்தவரு மிஸி," என்று மட்டும் சொன்னாள்.

(இங்கே அவளை ஒரு நீண்ட வசனம் பேச வைத்திருந்தேன். இரண்டு வருடச் சிரமமும் ஒரே மூச்சில் கொட்டும். ஒன்றரைப் பக்கம். படித்துப் பார்த்தால் எனக்கே கண் கலங்கியது. ஆனால் அவள் அப்படிப் பேசவில்லை. பேசியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.)

கிளாரிஸ் சற்று யோசித்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் ஆன்ட்டி. அரமணி நேரம் ஒண்ணும் செய்யவும் வேணாம். சும்மா உக்காருங்க. அவரு பாட்டுக்கு இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

"அவ்வளவுதானா?" என்றாள் லெட்சுமி. முகம் தெளிந்தது. "அது சுலபம்."

7

சுலபமாக இல்லை.

பத்தேகாலுக்கு முத்தாயி ஒரு கோப்பை தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து அர்ச்சுனன் முன்னால் வைத்தாள். அவர் கோப்பையைப் பார்த்தார். நாற்காலியில் இருந்த லெட்சுமியின் வலது கை தானாக எழுந்தது.

"ஆன்ட்டி."

கை இறங்கியது.

நான்கு நிமிடம் அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதை எப்படி அணுகுவது என்பது மறந்துபோயிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "குடிங்க, ஆறிடும்," என்று உபசரித்தார். பிஸ்கட்டை எடுத்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்.

"கையில குடுத்தா குடிச்சிருவாரு மிஸி—"

"தெரியும் ஆன்ட்டி. குடுக்காதீங்க."

கிளாரிஸின் பேனா ஓடியது. லெட்சுமி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள். அதுவும் போதாது என்று முத்தாயி பின்னால் வந்து நின்று தோளைப் பிடித்துக்கொண்டாள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். பார்ப்பதற்கு லெட்சுமிக்குப் பல் பிடுங்குவது போலிருந்தது.

அர்ச்சுனன் எழுந்தார். சமையலறைக்குப் போய் அடுப்பின் திருகைத் திருப்பினார். அதைப் பற்ற வைக்காமல் அடுத்ததையும் திருப்பினார். (சிலிண்டரை முன்பே மூடியிருந்தார்கள். உங்களுக்கு மூச்சு முட்ட வேண்டாம்.) கிளாரிஸ் வாசற்படியில் நின்று எழுதினாள். திரும்பி வந்தவர் அலமாரியைத் திறந்தார். மூடினார். திறந்தார்.

"பாத்ரூம் தேடறாரு," என்றாள் லெட்சுமி மெல்ல.

"ம்."

"மிஸி, பாத்ரூம் தேடறாரு."

அடுத்த இரண்டு நிமிடத்தை நான் எழுதப் போவதில்லை. கிளாரிஸ் தலை குனிந்துகொண்டாள். முத்தாயி லெட்சுமியின் தோளிலிருந்து கையை எடுத்தாள். லெட்சுமி எழுந்தபோது யாரும் தடுக்கவில்லை. அப்பாவைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். தண்ணீர் ஊற்றும் சத்தம். "இது மழ இல்லப்பா. இல்லப்பா, மழ இல்ல." புதுக் கைலியில் அவர் திரும்பி வந்தார். அவள் தரையைத் துடைத்து, கையைக் கழுவி, மறுபடியும் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்தாள்.

"எவ்வளவு ஆச்சு மிஸி?"

"முடியறதுக்குள்ள மார்க்க சொல்லக்கூடாது ஆன்ட்டி."

முத்தாயி கிளாரிஸின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இருவத்தாறு," என்றாள், லயத்தின் இரு கோடிக்கும் கேட்கும்படி.

மிச்சம் ஒரே கேள்வி. இருபதாவது. என் தமிழில் அது இப்படி இருக்கிறது: "வெளியே போகும் பழக்கம்." வெளியே போவதே இல்லை என்றால் சுழியம். வாசலிலேயே நிறுத்திவிட முடிகிறது என்றால் ஒன்று. வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார் என்றால் இரண்டு.

8

அர்ச்சுனன் முன்கதவைத் திறந்து வெளியே வந்தார்.

வீட்டுக்கு முன்னால் சின்ன மரக் கேட். ஃபாரம் வாசல் என்பது இதைத்தான். அதை ஒட்டி கால்வாய், அதன் மேல் ஒரு பலகை. பலகையைத் தாண்டினால் தோட்டத்துச் சாலை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் எண்ணெய் ஆலைக்குப் போகும் வழி. வளைவில் ஒன்று வருவது கேட்டது. லோரி இன்னும் தெரியவில்லை.

அவர் கேட்டைத் திறந்தார்.

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் லெட்சுமி உடனே பாய்ந்துவிடுகிறாள். இருபத்தேழு. வேன் ரெம்பாவுக்குப் போகிறது. நல்ல மகள், கெட்ட முடிவு.

இரண்டாவதில் அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவர் சாலையில் இறங்குகிறார். லோரி தள்ளி நிற்கிறது. இருபத்தெட்டு. இதை எழுதி முடித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். அவளை அப்படி உட்கார வைக்க எனக்கு என்ன உரிமை?

மூன்றாவதில் அர்ச்சுனன் கேட்டில் நின்று திரும்பி, ஒரு கணம் எல்லாம் தெளிந்து, மகளின் பெயரைச் சொல்லி—

இல்லை. இந்த நோய் அப்படிச் செய்யாது என்பதல்ல, எப்போதாவது செய்யும். ஆனால் அன்று செய்யவில்லை.

நடந்தது இது. லெட்சுமி எழவில்லை. இரண்டு நொடி, மூன்று நொடி. முத்தாயியின் கை மறுபடியும் அவள் தோளை அழுத்திக்கொண்டிருந்தது. கிளாரிஸ்தான் முதலில் கத்தினாள். "ஆன்ட்டி, போங்க!" ஃபாரம் ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம் பறந்தது. லெட்சுமி ஓடினாள், பின்னால் கிளாரிஸ், அவளுக்குப் பின்னால் செருப்பைத் தேடிக்கொண்டு முத்தாயி. நான் சன்னலருகே உட்கார்ந்திருந்தேன். லெட்சுமியின் கை அவர் சட்டையை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்தது. லோரி கடந்து போனது. ஓட்டுநர் கையசைத்தார். அர்ச்சுனனும் கையசைத்தார்.

9

எல்லோரும் உள்ளே வந்தார்கள். கிளாரிஸுக்கு மூச்சு வாங்கியது. ஃபாரத்தைத் தரையிலிருந்து எடுத்து, தூசியைத் தட்டி, கடைசிக் கேள்வியில் பேனாவை வைத்தாள். எடுத்தாள்.

"நான் ஆன்ட்டிக்கி பின்னால ஓடினேன். முதுகுதான் தெரிஞ்சது. தாத்தா கேட்ட தாண்டினாரா இல்லையா?"

"தாண்டிட்டாரு," என்றாள் முத்தாயி. "ரெண்டு காலும் வெளிய."

"ஆன்ட்டி, நீங்க செருப்பு தேடினீங்க. கொசுக்கடிய பல்லுனு சொன்னவங்க நீங்க."

முத்தாயி புண்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தாத்தா, எங்க போனீங்க?"

"நான் எங்க போனேன்? இந்தப் புள்ளதான் ஓடுச்சு," என்றார் அர்ச்சுனன்.

கிளாரிஸ் லெட்சுமியின் பக்கம் திரும்பினாள். இருபத்தாறாம் தேதி, பகல் பதினொரு மணி. "தாண்டிட்டாரு" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கிளாரிஸ் அதை எழுதியிருப்பாள் என்றே நினைக்கிறேன், அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அப்பா மூஞ்சியத்தான் பாத்தேன் மிஸி," என்றாள் லெட்சுமி. "கால பாக்கல."

கிளாரிஸ் தலையசைத்தாள். "அப்ப குடும்பத்துல சேராத ஒருத்தர் பாத்திருக்கணும். சாட்சி கையெழுத்து போடணும்." என்னைப் பார்த்தாள். நான் பேனாவை எடுத்தேன். "நீங்க இல்ல சார். ஃபாரத்த வெளிய குடுத்த ஆளு நீங்க. நீங்க போட்டா செல்லாது."

நியாயம்தான். ஆகவே நான் பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறேன். அவருடைய வலது கால் கேட்டுக்கு வெளியே, பலகையின் மேல் முழுவதுமாகப் பதிந்திருந்தது. இடது காலின் குதிகால் தரையிலிருந்து எழும்பிவிட்டது. பெருவிரல் இன்னும் உள்ளே இருந்தது. உடம்பின் பாரம் எந்தக் காலில் இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

ரெம்பாவிலிருக்கும் டொனால்டைப் பற்றியும் ஒரு பகுதி எழுதியிருந்தேன். அவருடைய வீடு, மனைவி அந்தோனியம்மாள், அந்த வீட்டின் கேட். அதை எடுத்துவிட்டேன். அது இங்கே இருந்தால் நீங்கள் பேனாவைத் தொட மாட்டீர்கள். இல்லாமல் போனால் நான் ஒரு தரப்புக்குச் சாய்ந்தவனாகிறேன். சாய்ந்தவன்தான். செல்லாது என்று ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டதால் எனக்கு அந்த வசதி இருக்கிறது.

உங்களுக்கு இல்லை. நீங்களும் அங்கே இருந்தீர்கள். நான் பார்த்த அளவுக்கு நீங்களும் பார்த்தீர்கள். கிளாரிஸ் மூன்று மணிக்குள் மம்பாவுக்குத் திரும்ப வேண்டும். லெட்சுமி கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து மடியில் வைத்திருக்கிறாள். ஃபாரத்தின் கடைசிப் பகுதியை அப்படியே கீழே தருகிறேன்.

20. வெளியே போகும் பழக்கம்
வெளியே போவதே இல்லை — 0
வாசலிலேயே நிறுத்திவிட முடிகிறது — 1
வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார் — 2

மதிப்பெண்: ______

சாட்சியின் பெயர் (உறவினராக இருக்கக் கூடாது): ____________

கையொப்பம்: ____________